ரத்தத்தில் தெரியும் அழல்: இதய நோயாளிகள் அறிய வேண்டிய 'சி.ஆர்.பி.' சீட்டு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் இல்லாத சந்திப்பே இல்லை எனலாம். ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் 'முழு உடல் பரிசோதனை' என்ற பலகை கண்ணில் படுகிறது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, யூரியா என்று வரிசையாக அச்சடித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடுவது இங்குள்ள தமிழ்த் தொழிலாளர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தச் சீட்டின் அடிப்பகுதியில் அண்மைக் காலமாகப் புதிய வரி ஒன்று இடம் பெறுகிறது. அதுதான் சி.ஆர்.பி.

"அண்ணாச்சி, இதுல சி.ஆர்.பி. அஞ்சுன்னு போட்டிருக்கு. பக்கத்துல நட்சத்திரக் குறி வேற. நமக்கு அட்டாக் வந்துருமோ?" என்று கேட்பவர் ஒரு ரகம். "கொழுப்பு நார்மல்னு வந்துட்டு. இனி எதுக்கு மாத்திரை?" என்று இதய மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர் இன்னொரு ரகம். முதலாமவர் வீணாக அஞ்சுகிறார். இரண்டாமவர் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமலிருக்கிறார். இருவருமே ஒரு எண்ணைத் தவறாக வாசித்தவர்கள்தான். ஆகவே இந்தச் சி.ஆர்.பி. என்பது என்ன, இதய நோயாளிக்கு அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

அழலும் அழற்சியும்

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. உடலின் காவல் படையான வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு போராடுவதன் அடையாளம் அது. இதற்கு அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. நம் முன்னோர் மொழியிலேயே இந்த நோயின் சூடு இருக்கிறது.

இதே அழற்சி வெளியில் தெரியாமல் இதயத்தின் ரத்தக் குழாய்களிலும் நடக்கிறது. குழாயின் உட்சுவரில் கொழுப்பு புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வெள்ளை அணுக்கள் வருகின்றன. விழுங்கியவை வெளியேற முடியாமல் அங்கேயே நுரைபோல் உப்பி மடிகின்றன. மேலும் அணுக்கள் வருகின்றன. ஆண்டுக் கணக்கில் இப்படி நடந்து சுவரில் ஒரு திட்டு உண்டாகிறது. திட்டின் மேல்மூடி கெட்டியாக இருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. அழற்சி மிகுந்தால் மூடி மெலிந்து ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு.

ஆகவே மாரடைப்பு என்பது குழாயில் கொழுப்பு படிந்து அடைவது மட்டுமல்ல. உள்ளே கனலும் நெருப்பும் சேர்ந்த காரியம். ஜெர்மனியில் விர்ஷோ என்ற மருத்துவ அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கூறினார். அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ் என்பவர் 1999ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவ உலகம் பெரும்பாலும் இதை ஏற்றுக்கொண்டது.

கல்லீரல் தரும் சாட்சி

குழாயின் உள்ளே கனல்வதை வெளியிலிருந்து எப்படி அறிவது? அழற்சி உள்ள இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 என்ற தூதுப் பொருள் ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. அதைக் கண்டதும் கல்லீரல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாகச் சி.ஆர்.பி. 1930ல் நியூயார்க் ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட்டில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டனர். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற பொருளோடு இது சேர்ந்ததால் இந்தப் பெயர் வந்தது.

மூத்த வாசகர்களுக்கு ஈ.எஸ்.ஆர். என்ற பழைய பரிசோதனை நினைவிருக்கும். அதுவும் அழற்சியைக் காட்டுவதே. ஆனால் ரத்தசோகை இருந்தாலும் ஏறும், வயதானாலும் ஏறும், இறங்கவும் நாளாகும். சி.ஆர்.பி. அப்படியல்ல. உடலில் நெருப்புப் பிடித்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, அணைந்ததும் விரைவில் இறங்கிவிடும். காய்ச்சலிலும் கிருமித் தாக்குதலிலும் இது நூற்றுக்கு மேலும் போகும். இதயக் குழாயின் மெல்லிய கனலோ ஒன்று, இரண்டு, மூன்று என்ற சிறு அளவிலேயே தெரியும். அவ்வளவு நுட்பமாக அளக்கும் பரிசோதனைக்குத்தான் 'ஹை சென்சிடிவிட்டி சி.ஆர்.பி.' என்று பெயர். சீட்டில் 'எச்.எஸ்.' என்ற இரண்டு எழுத்து முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அது இல்லாத சாதாரண சி.ஆர்.பி.யை வைத்து இதயத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

சீட்டை வாசிக்கும் விதம்

2003ல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து ஓர் அளவுகோல் வகுத்தன. ஒரு லிட்டர் ரத்த நீரில் 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் அதிகம். 10க்கு மேல் இருந்தால் வேறு ஏதோ கிருமியோ காயமோ இருக்கக் கூடும் என்று கருதி, அது தீர்ந்த பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சில கூடங்கள் லிட்டர் கணக்கில் தருகின்றன. சில டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன. டெசிலிட்டரில் 0.3 என்பதும் லிட்டரில் 3 என்பதும் ஒன்றே. போன மாதம் பாறசாலையில் எடுத்தது 0.4, இந்த மாதம் மார்த்தாண்டத்தில் எடுத்தது 4 என்றால் பத்து மடங்கு ஏறிவிட்டதாகக் கலங்க வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அளவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எல்லையின் இரு புறமும் வைத்தியம் பார்க்கும் நம்மவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

இரண்டாவது பொறி காய்ச்சல். ஜூன் மாத மழை தொடங்கினால் கேரள ஆஸ்பத்திரிகளில் 'பனி' என்று எழுதிய பலகையின் கீழ் கூட்டம் நிரம்பி வழிகிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரண ஜலதோஷம், பல் வேர்ச் சீழ், காலில் ஆறாத புண், மூட்டு வாதம் ஆகிய எல்லாமே இந்த எண்ணை உயர்த்தும். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரமாவது கழித்து, இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. காய்ச்சலோடு போய் எடுத்த எண்ணைக் கண்டு இதய நோய் என்று மனம் உடைவது தேவையில்லாத துன்பம்.

கேரளத்தின் கணக்கு

இந்த வட்டாரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். திருவனந்தபுரம் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 1993ல் வெளியிட்ட ஆய்வில், உறுதியாக இதயக் குழாய் நோய் உள்ளவர்கள் நூற்றுக்குச் சுமார் 1.4 பேர் என்று தெரிந்தது. இதய மருத்துவர் சங்கத்தின் கேரளக் கிளை பின்னர் 5,167 பேரைப் பரிசோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில் அது 3.5 ஆக உயர்ந்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை என்பதே அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி. 'இதய நோய் பணக்காரன் வியாதி, உழைக்கிறவனுக்கு வராது' என்ற பழைய பேச்சு இனிச் செல்லாது.

1956 நவம்பர் 1ல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. ஆனால் பிழைப்பு பிரியவில்லை. பாலராமபுரத்து நெசவுத் தெருக்கள், செங்கல் சூளைகள், கட்டட வேலை, கடைக் கணக்கு, திருவனந்தபுரத்து அலுவலகங்களுக்குக் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பும் குமாஸ்தா வேலை என்று தமிழர் வாழ்க்கை இங்கே நடக்கிறது. சூளைப் புகை, பீடிப் புகை, இரவு ஷிப்ட், குறைந்த தூக்கம், நாள் முழுவதும் நாற்காலி, சர்க்கரை தூக்கலான டீ ஆகியவை அனைத்தும் உடலில் அழற்சியை ஊதிவிடுகிறவை.

இவற்றில் முதலிடம் வயிற்றுக்கு. தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கும் சதையல்ல. மேலே சொன்ன இன்டர்லூகின்-6ஐ அதுவே சுரந்து கல்லீரலுக்கு அனுப்புகிறது. லண்டன் பகுதியில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு 2001ல் வெளியான ஆய்வில், நம்மவர்களின் சி.ஆர்.பி. 17 சதவீதம் அதிகமாக இருந்தது. இடுப்பைச் சுற்றிய கொழுப்பும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையுமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் நடத்திய ஆய்விலும் சர்க்கரை நோயோடு இதய நோயும் சேர்ந்தவர்களிடம் இந்த எண் உயர்ந்தே இருந்தது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே என்ற நம் உடல்வாகு நல்லதற்கில்லை.

இதய நோய் உள்ளவருக்கு இந்த எண் எதற்கு?

மாரடைப்பு வந்து மீண்டவர், ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர் ஆகியோரிடம்தான் இந்த எண் மிகுந்த பயனுள்ளது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டுக் கொழுப்பு நன்றாக இறங்கிய பிறகும் சிலருக்கு மீண்டும் மாரடைப்பு வருகிறது. ஏன்? 2023ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஸ்டாடின் சாப்பிடும் 31,245 நோயாளிகளின் விவரங்களைப் பரிசீலித்தது. அவர்களில் பின்னால் மாரடைப்பும் மரணமும் யாருக்கு வரும் என்பதைக் கொழுப்பின் அளவைவிடச் சி.ஆர்.பி. அளவே தெளிவாகக் காட்டியது.

கொழுப்பு இறங்கியும் கனல் அணையாதவர்கள் இருக்கிறார்கள் என்பது இதன் பொருள். 'கொழுப்பு நார்மல், மாத்திரை போதும்' என்று நிறுத்திவிடுவோருக்கு இதுவே பதில். ஸ்டாடின் மாத்திரை கொழுப்போடு அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. நார்மல் என்று சீட்டு சொல்வது மாத்திரை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் இரண்டும் திரும்ப ஏறும்.

அதே சமயம் சி.ஆர்.பி. தானே குழாயைக் கெடுப்பதில்லை. பிறவியிலேயே இந்தப் புரதம் அதிகமாகச் சுரப்பவர்களை ஆராய்ந்தபோது, அதனால் மட்டும் அவர்களுக்கு இதய நோய் கூடவில்லை என்று தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிவது பாதையில் ஏதோ இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு. விளக்கை அணைப்பதால் பாதை சீராகிவிடாது. எண்ணை இறக்குவதாகச் சொல்லி விற்கும் பொடிகளையும் கஷாயங்களையும் நாடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேலிப் பூவில் ஒரு மருந்து

அழற்சியை மட்டும் அணைத்தால் மாரடைப்பு குறையுமா என்று நேரடியாகவே சோதித்தனர். 2017ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு வந்த 10,061 பேர் பங்கு கொண்டனர். கானகினுமாப் என்ற ஊசி மருந்து அவர்களின் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தது. மறு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 15 சதவீதம் குறைந்தன. ஆனால் கிருமி நோயால் இறப்போர் சற்று கூடினர். விலையும் மிக அதிகம். ஆகவே அந்த ஊசி இதய நோயாளிகளின் வழக்கமான மருந்தாகவில்லை. என்றாலும் அழற்சிக் கொள்கை மெய் என்பது நிரூபணமாயிற்று.

அடுத்து வந்தது மலிவான பழைய மருந்து: கால்சிசின். மூட்டு வாதத்தில் ஒரு வகைக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருவது. இந்த மருந்துப் பொருள் நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான அதுவேதான். பாறசாலைப் பக்கம் வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீக்கொழுந்துபோல் பூத்து நிற்பதை மலையாளிகள் மேந்தோன்னி என்பர். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர்.

2019ல் வெளியான ஆய்வில் அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேருக்கும், 2020ல் வெளியான ஆய்வில் நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துத் தினம் அரை மில்லிகிராம் கால்சிசினும் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். கால்சிசின் உண்டவர்களிடம் இதய விபரீதங்கள் முதலாவதில் 23 சதவீதமும் இரண்டாவதில் 31 சதவீதமும் குறைந்தன. 2023ல் அமெரிக்க அரசு இதய நோய்க்கென இதை அனுமதித்தது. ஆனால் 2024ல் 7,062 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதை இதய டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கும் சில கிருமிக்கொல்லி மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும் இது நஞ்சாக மாறலாம். செங்காந்தள் கிழங்கைத் தோண்டித் தின்றால் உயிரே போகும். மருந்து இருக்கிறதென்று கேள்விப்பட்டு வேலிப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று எச்சரிப்பது கடமையாகிறது.

காசில்லாத சிகிச்சை

நெருப்பை அணைக்கும் முதல் வழிகள் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கின்றன. பீடி, சிகரெட், புகையிலையை விடுவது முதலாவது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் தொப்பையைக் குறைப்பதும் அடுத்தது. ரயிலடிக்கு நடந்து போகிற குமாஸ்தாவுக்கு இதில் பாதி தானாகவே கிடைக்கிறது. ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் காட்டுவது மூன்றாவது. ஈறு நோய் ஓயாத அழற்சி, அதைத் தீர்த்தால் சி.ஆர்.பி. ஓரளவு இறங்குகிறது. சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பது நான்காவது. இதய நோயாளிகள் இன்புளுவென்சா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்பதும் நல்லது. அந்தக் காய்ச்சல் கண்ட முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் 6 மடங்கு ஏறுவதாகக் கனடாவில் நடந்த ஆய்வு 2018ல் காட்டியது.

மார்பு வலிக்கும் இரவில்

இனிச் சொல்வதே இந்தக் கட்டுரையில் முக்கியமானது. நடு மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் சி.ஆர்.பி. சீட்டைத் தேடக் கூடாது. போன மாதம் அது 1க்குக் கீழே இருந்தது என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. அந்த எண் வருங்கால அபாயத்தைக் காட்டுவது. இன்றைய மாரடைப்பை அது சொல்லாது. அதைச் சொல்பவை ஈ.சி.ஜி.யும், இதயத் தசை நசியும்போது ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற பொருளின் பரிசோதனையும்தான்.

கேரளத்தில் 125 ஆஸ்பத்திரிகளில் 2007 முதல் 2009 வரை சேர்ந்த 25,748 இதய நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்தனர். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே இறக்கும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 'கேஸ்தான், ஓமத்தண்ணி குடிச்சுப் பார்ப்போம், விடிஞ்சு போலாம்' என்று கழியும் இரவின் விலை அது.

108 ஆம்புலன்ஸ் இரு மாநிலத்திலும் ஓடுகிறது. பைக்கில் தனியே புறப்படாமல் அதை அழைக்க வேண்டும். பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம். ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மறுபக்கம். எது அருகில் இருக்கிறதோ அங்கே முதலில் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். எந்த மாநிலம் என்ற யோசனை அப்போது வேண்டாம்.

அந்த யோசனையை இன்றே செய்து வைக்கலாம். கேரளத்தின் காருண்யா காப்பீடு, தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு, தொழிலாளர்க்கான ஈ.எஸ்.ஐ. ஆகியவற்றில் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை வலி வருமுன் விசாரித்து எழுதி வையுங்கள். பழைய ஈ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு, சி.ஆர்.பி. சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு அது இருக்கும் இடத்தையும் காட்டி வையுங்கள்.